கட்டியைப் பட்டினி போடுதல்: ஒரு யோசனையின் நாற்பது வருடங்கள்

பெரியம்மாவுக்குக் குடலில் கட்டி என்று தெரியவந்த கிழமை, எங்கட குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் வந்து விழுந்த மருந்துகளுக்குக் கணக்கில்லை. மஞ்சள், அன்னமுன்னா இலை அவிச்ச தண்ணி, வெறும் வயித்தில தேசிக்காய். அதுகளுக்கு நடுவில் கனடாவில இருக்கிற மாமா ஒன்று அனுப்பியிருந்தார். சுறாவின் குருத்தெலும்பில் செய்த மாத்திரையாம். கட்டிக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய்களை அது வளரவிடாதாம். சாப்பாடு கிடைக்காத கட்டி தானாகச் செத்துப்போகுமாம். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில கண்டுபிடிச்சதாம். கீழே மாமா தன்ர கையால ஒரு வரி சேர்த்திருந்தார்: "அக்காவுக்கு நாலு போத்தல் ஓடர் பண்ணப்போறன்."

"இது பொய் மாமா" என்று எழுதிப்போட்டுப் போயிருப்பன். அதுக்கு முன்னம் ஒருக்காத் தேடிப் பார்ப்பம் என்று இறங்கினதில்தான் பிரச்சினை வந்தது. அந்த மெசேஜில் பாதி உண்மை. ஹாவார்ட் உண்மை. குருத்தெலும்பு உண்மை. கட்டியைப் பட்டினி போடுகிற யோசனையும் உண்மை. அந்த யோசனையிலிருந்து பிறந்த மருந்துகள் இன்றைக்கும் உலகம் முழுக்கப் பாவனையில் இருக்கின்றன. அப்படியென்றால் எது பொய்? அதைச் சொல்ல ஒரு வரி காணாது, கதை முழுக்கச் சொல்ல வேணும். அது 1971 நவம்பர் 18 அன்று வெளியான ஒரு கட்டுரையில் தொடங்கி, சரியாக நாற்பது வருடம் கழித்து 2011 நவம்பர் 18 அன்று வந்த ஒரு தீர்ப்பில் வந்து நிற்கிற கதை.

முயலின் சுரப்பியும் குண்டூசித் தலையும்

ஜூடா ஃபோக்மன் 1933 இல் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் பிறந்தவர். தகப்பன் ஒரு யூத மதகுரு. நோயாளிகளுக்காகப் பிரார்த்திக்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவர் மகனையும் கூட்டிக்கொண்டு போவார். மகன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று டொக்டர்மாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஹாவார்டில் மருத்துவம் படித்துச் சத்திரசிகிச்சை நிபுணராகப் பயிற்சி எடுக்கும்போது, 1960 இல் கடற்படையின் கட்டாய சேவைக்கு அழைப்பு வந்தது.

கடற்படைக்கு அந்த நேரம் ஒரு தேவை இருந்தது. மாதக்கணக்காகக் கடலில் நிற்கிற விமானந்தாங்கிக் கப்பல்களில் இரத்தம் பழுதாகிப்போகும். இரத்தத்துக்குப் பதிலாக நீண்ட நாள் வைத்திருக்கக்கூடிய ஒரு திரவம் வேணும். மேரிலாந்தில் பெத்தெஸ்டா என்ற இடத்திலிருந்த கடற்படை ஆய்வுகூடத்தில் ஃபோக்மனும் ஃபிரெடெரிக் பெக்கர் என்ற இன்னொரு டொக்டரும் அந்த வேலையில் இறங்கினார்கள். முயலின் தைரொயிட் சுரப்பியை வெளியே எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, அதன் குழாய்களுக்குள்ளால் ஹீமோகுளோபின் கரைசலை ஓடவிட்டார்கள். சுரப்பி உயிரோடு இருந்தது.

உயிரோடு இருக்கிறது சரி, அதில் புதிதாக ஏதாவது வளருமா? வேகமாக வளரக்கூடிய ஒன்றைப் போட்டுப் பார்க்க வேணும். புற்றுநோய்க் கலங்களைவிட வேகமாக வளர்வது எது? போட்டார்கள். கட்டி வளர்ந்தது. ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர், அதாவது ஒரு குண்டூசித் தலையளவு வந்ததும் நின்றுவிட்டது. செத்துப்போகவில்லை. அதே கட்டியை எடுத்து உயிருள்ள எலிக்குள் வைத்ததும் மளமளவென்று பெருத்தது.

இரண்டு இடத்துக்கும் என்ன வித்தியாசம்? எலிக்குள் இருந்த கட்டிக்குள் புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்து வந்திருந்தன. கண்ணாடிப் பாத்திரத்தில் அப்படி ஒன்றும் வளரவில்லை.

உயிரியல் படித்த ஆட்களுக்கு இது லேசாக விளங்கும். ஒட்சிசன் ஒரு குழாயிலிருந்து கசிந்து போகக்கூடிய தூரம் மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான். அதுக்கு அங்கால இருக்கிற கலம் பட்டினி. தோட்டத்தில் வாய்க்காலுக்குப் பக்கத்துப் பாத்தி நனையும், தூரத்துப் பாத்தி காயும். தூரத்துப் பாத்தியும் பச்சையாக வேணுமென்றால் புது வாய்க்கால் வெட்டத்தான் வேணும். கட்டி செய்வதும் அதைத்தான். பக்கத்து இரத்தக் குழாய்களிலிருந்து தன் பக்கமாகக் கிளைகள் வெடிக்கப் பண்ணுகிறது.

1971 நவம்பர் 18

1967 இல், 34 வயதில், ஃபோக்மன் பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையின் தலைமைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஆனார். மேசையில் அவர் கண்ட கட்டிகள் சூடானவை, தொட்டால் இரத்தம் கொட்டுபவை. அதே கட்டியை வெட்டியெடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், அங்கே கண்ணாடித் தட்டில் இருப்பது இரத்தம் வடிந்த வெளிறிய துண்டு. அதனால்தான் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்தது என்று அவர் பிற்காலத்தில் சொல்லுவார்.

1971 நவம்பர் 18 அன்று 'நியூ இங்கிலாண்ட் ஜேர்னல் ஒஃப் மெடிசின்' இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. கட்டி ஒரு இரசாயனச் செய்தியை வெளியே அனுப்புகிறது; அந்தச் செய்தி கேட்டுப் புதிய இரத்தக் குழாய்கள் கட்டியை நோக்கி வளர்கின்றன. இந்த வளர்ச்சிக்கு அஞ்சியோஜெனசிஸ் என்று பெயர். அந்தச் செய்தியை மறித்தால் கட்டி இரண்டு மூன்று மில்லிமீற்றரோடு நின்றுவிடும். புற்றுநோய்க் கலத்தைக் கொல்ல வேண்டியதில்லை, அதுக்குப் போகிற வழியை வளரவிடாமல் செய்தாலே போதும். இதுதான் அவர் சொன்னது.

பெரும்பாலான துறைசார் ஆட்கள் ஏற்கவில்லை. காயம் பட்ட இடம் சிவக்கிற மாதிரி, கட்டியைச் சுற்றிக் குழாய்கள் தெரிவது வெறும் அழற்சி என்றார்கள். அவர் கூட்டங்களில் பேச எழும்பினால் ஆட்கள் எழும்பி வெளியே போவார்கள் என்று அவரே பிறகு கதை சொல்லியிருக்கிறார். "சத்திரசிகிச்சை செய்யிறவருக்கு ஆராய்ச்சி என்னத்துக்கு?" என்ற கதையும் இருந்தது. 1974 இல் மொன்சான்டோ கம்பனி ஹாவார்டுக்கு 12 வருடத்துக்கு 23 மில்லியன் டொலர் தர ஒத்துக்கொண்டபோது, பல்கலைக்கழகம் கம்பனிக்கு விலைபோகிறது என்ற விமர்சனமும் சேர்ந்தது. 1981 இல் தலைமைச் சத்திரசிகிச்சைப் பதவியை விட்டுவிட்டு முழுநேரமாக ஆய்வுகூடத்துக்குள் போனார்.

இதை 'உலகம் சிரித்தது, மேதை வென்றான்' என்ற சினிமாக் கதையாக வாசிக்கக் கூடாது. சந்தேகப்பட்டவர்கள் எல்லோரும் மூடர்கள் இல்லை. 1971 இல் அந்தச் செய்தியைச் சுமக்கிற மூலக்கூறை ஒருவரும் கையில் பிடித்திருக்கவில்லை. கட்டுரையில் இருந்தது ஒரு நல்ல ஊகமும் சில சோதனைகளும்தான். "காட்டு பாப்பம்" என்று கேட்டது நியாயம்தான். அந்தக் கேள்விதான் பிறகு வந்த நல்ல சோதனைகள் எல்லாவற்றையும் செய்ய வைத்தது.

அதில் ஒன்று 1972 இல் வந்தது. முயலின் கண்ணுக்குள், முன்பக்க நீரில் மிதக்கும்படி சின்னக் கட்டித் துண்டுகளை வைத்தார்கள். மிதந்துகொண்டிருந்தது ஒரு மில்லிமீற்றருக்குக் குறைவாகவே நின்றது. கண்மணியைச் சுற்றியிருக்கும் நிறமான வளையத்துக்கு, அதாவது இரத்தக் குழாய்கள் நிறைந்த கதிராளிக்குப் பக்கத்தில் வைத்தது பெருத்தது. ஒரே கண், ஒரே கட்டி, வைத்த இடம் மட்டும் வேறு.

சுறா எங்கேயிருந்து வந்தது?

இப்ப மாமாவின் மாத்திரைக்கு வருவம்.

இரத்தக் குழாய் வளராமல் மறிக்கிற பொருள் இயற்கையில் எங்கே இருக்கும்? இரத்தக் குழாயே இல்லாத இழையத்தில் தேடலாம். குருத்தெலும்பு அப்படியானது. 1974 இல் ஃபோக்மனிடம் வேலைக்கு வந்த ரொபேர்ட் லாங்கர் என்ற இளம் இரசாயனப் பொறியியலாளர், இறைச்சிக்கொட்டிலிலிருந்து மாட்டெலும்புகளைக் கொண்டுவந்து, குருத்தெலும்பைச் சுரண்டி, அதிலிருந்து அப்படியான ஒரு சாற்றைப் பிரித்தார். 1976 இல் அது வெளியானது. மாட்டில் குருத்தெலும்பு கொஞ்சம்தான். சுறாவுக்கோ எலும்புக்கூடு முழுக்கக் குருத்தெலும்பு. 1983 இல் லாங்கரும் இன்னொரு ஆய்வாளரும் சுறாவின் குருத்தெலும்பிலும் அந்தத் தன்மை இருக்கிறது என்று காட்டினார்கள். சாற்றைப் பிரித்தெடுத்து, முயலின் கண்ணில், கட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துச் செய்த சோதனை அது. ஒருவரும் மாத்திரை விழுங்கவில்லை.

1992 இல் அமெரிக்காவில், சுறாக்களுக்குப் புற்றுநோய் வருவதில்லை என்ற தலைப்போடு ஒரு புத்தகம் வந்தது. அடுத்த வருடம் ஒரு பிரபல தொலைக்காட்சி நிகழ்ச்சி அதைக் காட்டியது. அதோடு மாத்திரை வியாபாரம் வெடித்தது. சுறாக்களுக்குப் புற்றுநோய் வரும், பதிவுகள் இருக்கின்றன. குருத்தெலும்பில் இருக்கிற புரதத்தை விழுங்கினால் எங்கட வயிறு அதை மற்ற இறைச்சி போலச் செமிக்கப் பண்ணிவிடும். நோயாளிகளுக்குக் கொடுத்துச் செய்த முறையான ஆய்வுகளில் ஒரு பிரயோசனமும் தெரியவில்லை. இடையில் அநியாயமாகச் செத்தது சுறாக்கள்.

மாமாவின் மெசேஜில் பொய் இருந்த இடம் இதுதான். ஆய்வுகூடத்தில் முயலின் கண்ணில் நடந்ததற்கும் மனிசர் ஒருவர் விழுங்குகிற மாத்திரைக்கும் இடையில் இருக்கிற நீண்ட ஒழுங்கையை வியாபாரி ஒரே பாய்ச்சலில் தாண்டிவிட்டான். விஞ்ஞானம் அந்த ஒழுங்கையை நடந்து முடிக்க இன்னும் பல வருடம் எடுத்தது.

செய்தி கொண்டுபோகிற மூலக்கூறு

பொஸ்டனில் இன்னொரு ஆஸ்பத்திரியில் ஹரோல்ட் ட்வோராக், டொனால்ட் செங்கர் என்பவர்கள் 1983 இல் கட்டிகள் வெளியிடுகிற ஒரு புரதத்தைப் பற்றி எழுதினார்கள். அது இரத்தக் குழாய்களை ஒழுகப் பண்ணியது. 1989 இல், கலிபோர்னியாவில் ஜெனென்டெக் கம்பனியில் வேலை செய்த, சிசிலித் தீவில் பிறந்த நப்போலியொனே ஃபெராரா, இரத்தக் குழாயின் உட்சுவர்க் கலங்களைப் பெருகப் பண்ணுகிற ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். பார்த்தால் இரண்டும் ஒன்றேதான். இப்போது அதை வி.ஈ.ஜி.எஃப். என்கிறோம். 1971 கட்டுரை ஊகித்த செய்தி இப்ப கையில்.

செய்தியைப் பிடித்தால் அதை மறிக்கலாம். 1993 இல் ஃபெராராவின் குழு, வி.ஈ.ஜி.எஃப். இல் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு பிறபொருளெதிரியை எலிகளுக்குக் கொடுத்துக் கட்டி வளர்ச்சி குறைவதைக் காட்டியது. அதை மனிதருக்கு ஏற்றபடி மாற்றி உருவாக்கியதுதான் பெவசிசுமாப். கடைப்பெயர் அவாஸ்டின்.

இதே காலத்தில் ஃபோக்மனின் ஆய்வுகூடத்திலிருந்து இன்னொரு பழைய பெயர் திரும்பி வந்தது: தலிடொமைட். 1957 இல் ஜேர்மனியில் நித்திரை மாத்திரையாக விற்பனைக்கு வந்து, கர்ப்பிணிகள் வயிற்றுப் பிரட்டலுக்கு எடுத்து, உலகம் முழுக்கப் பத்தாயிரமளவு குழந்தைகள் கைகால் வளராமல் பிறந்து, 1961 இல் திரும்பப் பெறப்பட்ட மருந்து. 1994 இல் ரொபேர்ட் டமாட்டோ, அது புதிய இரத்தக் குழாய்கள் வளர்வதைத் தடுக்கிறது என்று காட்டினார். கருவில் ஒரு கை வளர இரத்தக் குழாய் வேணும். கட்டி வளரவும் வேணும். ஒன்றுக்குச் சாபமான தன்மை மற்றதுக்கு மருந்தாகலாமே. 1999 இல் என்புமச்சையில் வரும் மயலோமா என்ற புற்றுநோயுள்ள 84 பேருக்கு, வேறு சிகிச்சைகள் கைவிட்ட பிறகு, அதைக் கொடுத்துப் பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கினரளவில் பலன் தெரிந்தது. பிறகு அது அந்த நோய்க்கு முறையான மருந்தானது.

ஆனா இதிலும் ஒரு திருப்பம் இருக்கு. 2010 இல் யப்பானிய ஆய்வாளர்கள், தலிடொமைட் கலத்துக்குள் செரெப்லொன் என்ற புரதத்தில் போய் ஒட்டுகிறது என்று கண்டுபிடித்தார்கள். மயலோமாவில் அது வேலை செய்வதற்கு முக்கியக் காரணம் அந்த வழிதான், இரத்தக் குழாய் இல்லை என்று பின்னர் தெரிந்தது. கருத்து அரைவாசி பிழைத்திருந்தும் மருந்து கிடைத்தது. இப்படியும் நடக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை

1998 மே 3, ஞாயிற்றுக்கிழமை. நியூயோர்க் டைம்ஸ் முதற்பக்கத்தில், ஃபோக்மனின் ஆய்வுகூடத்தில் மைக்கல் ஓ'ரைலி கண்டுபிடித்த அஞ்சியோஸ்டாட்டின், எண்டோஸ்டாட்டின் என்ற இரண்டு பொருட்கள் எலிகளில் கட்டிகளை இல்லாமலே பண்ணிவிட்டன என்ற செய்தி வந்தது. டி.என்.ஏ. புகழ் ஜேம்ஸ் வட்சன், இரண்டு வருடத்தில் ஃபோக்மன் புற்றுநோயைக் குணப்படுத்திவிடுவார் என்று சொன்னதாகவும் இருந்தது. தான் அப்படிச் சொல்லவில்லை என்று வட்சன் பிறகு மறுத்தார். ஃபோக்மனோ, நீங்கள் எலியாக இருந்தால் உங்களை நன்றாகக் கவனித்துக்கொள்ளுவோம் என்ற கருத்தில்தான் கதைத்திருந்தார்.

யார் கேட்டது? அந்த மருந்துகளின் உரிமை வைத்திருந்த என்ட்ரிமெட் என்ற சின்னக் கம்பனியின் பங்கு வெள்ளிக்கிழமை 12 டொலரளவில் நின்றது. திங்கட்கிழமை 80 டொலரையும் தாண்டிப்போய், பின்னேரம் 50 டொலரளவில் முடிந்தது. டொக்டர்மாரின் தொலைபேசிகள் ஓயவில்லை. அழைத்தவர்கள் புற்றுநோய் உள்ளவர்கள், அவர்களின் பிள்ளைகள், மனைவிமார். மனிதரில் ஒருவருக்குக்கூட அதுவரை கொடுத்துப் பார்க்காத மருந்துக்காக.

மனிதரில் கொடுத்துப் பார்த்தபோது எண்டோஸ்டாட்டின் பெரிய தீங்கு செய்யவில்லை. பெரிய நன்மையும் செய்யவில்லை. சில வருடங்களில் கம்பனி அதைக் கைவிட்டது. மாற்றம் செய்த ஒரு வடிவம் 2005 இல் சீனாவில் மட்டும் அனுமதி பெற்றது.

முப்பது வருடம் ஒருவரும் நம்பாதபோது அந்த யோசனைக்கு வந்த சேதத்தைவிட, ஒரே நாளில் எல்லோரும் நம்பினபோது வந்த சேதம் குறைவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். நம்பாதவர்கள் சோதனை கேட்டார்கள். நம்பினவர்கள் திகதி கேட்டார்கள்.

4.7 மாதம்

உண்மையில் ஒழுங்கையின் முடிவுக்கு வந்தது அவாஸ்டின்தான். பெருங்குடல் புற்றுநோய் வேறு உறுப்புகளுக்கும் பரவிய 813 பேரை வைத்து ஆய்வு நடந்தது. கீமோவோடு அவாஸ்டினும் பெற்றவர்கள் உயிரோடிருந்த இடைநிலைக் காலம் 20.3 மாதம். கீமோ மட்டும் பெற்றவர்கள் 15.6 மாதம். 2004 பெப்ரவரி 26 அன்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. இரத்தக் குழாய் வளர்ச்சியை மறித்துக் கட்டியைக் கட்டுப்படுத்தலாம் என்பது மனிதரிலேயே நிரூபணமானது. ஃபோக்மனுக்கு அப்போது 71 வயது.

வித்தியாசம் 4.7 மாதம். இதைக் கூட்டிச் சொல்லவும் கூடாது, குறைத்துச் சொல்லவும் கூடாது. ஒரு பேரப்பிள்ளை பிறப்பதைப் பார்க்க அந்த நாலரை மாதம் போதும். ஆனா இது 1998 இல் பத்திரிகை வாசித்தவர்கள் எதிர்பார்த்த குணம் இல்லை. பக்கவிளைவுகளும் இருந்தன: இரத்த அழுத்தம் ஏறும், காயம் ஆறப் பிந்தும், சிலருக்கு இரத்தக்கசிவு, அரிதாகக் குடலில் துளை. உடம்பிலுள்ள நல்ல குழாய்களுக்கும் அதே செய்திதானே தேவை.

2008 ஜனவரி 14 அன்று, ஒரு கூட்டத்துக்குப் போகும் வழியில், டென்வர் விமான நிலையத்தில் மாரடைப்பில் ஃபோக்மன் இறந்தார். அடுத்த மாதமே, பரவிய மார்புப் புற்றுநோய்க்கும் அவாஸ்டினுக்கு அவசர அனுமதி கிடைத்தது. ஒரு ஆய்வில், நோய் திரும்ப வளரத் தொடங்குவதை அது 5.9 மாதத்திலிருந்து 11.8 மாதத்துக்குத் தள்ளிப்போட்டிருந்தது. நிபத்தனை ஒன்று: மேலும் ஆய்வுகள் இதை உறுதிப்படுத்த வேணும்.

வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. தள்ளிப்போடுகிற காலம் மிகக் குறைவாக இருந்தது. ஒன்றிலும் பெண்கள் கூடுதல் காலம் வாழவில்லை. பக்கவிளைவு மட்டும் அப்படியே இருந்தது. செலவு வருடத்துக்கு 88,000 டொலரளவில்.

2011 ஜூனில் இரண்டு நாள் விசாரணை நடந்தது. அந்த மருந்தை எடுத்துக்கொண்டு உயிரோடிருந்த பெண்கள் நேரில் வந்து, இதை எங்களிடமிருந்து பறிக்காதீர்கள் என்று கேட்டார்கள். குழு ஆறுக்குப் பூச்சியம் என்று அனுமதியை நீக்கச் சொன்னது. 2011 நவம்பர் 18 அன்று, ஃபோக்மனின் கட்டுரை வெளிவந்து சரியாக நாற்பது வருடம் முடிந்த நாளில், மார்புப் புற்றுநோய்க்கான அனுமதி நீக்கப்பட்டது. மற்றப் புற்றுநோய்களுக்கான அனுமதி தொடர்ந்தது. ஐரோப்பாவில், ஒரு குறிப்பிட்ட கீமோ மருந்தோடு சேர்த்து, மார்புப் புற்றுநோய்க்கும் அது அனுமதியோடு இருந்தது. ஒரே தரவு, இரண்டு முடிவு.

இந்த இடத்தில்தான் நான் கனநேரம் நின்றேன். என்ர அக்கா அந்த வரிசையில் நின்று "நான் உயிரோட நிக்கிறன் தானே" என்று சொன்னால் நான் என்ன சொல்லுவேன்? அவள் சொல்வது பொய் இல்லை. ஆனா மருந்து எடுக்காமலும் அதேயளவு காலம் வாழ்ந்த பெண்கள் ஆய்வின் மற்றப் பக்கத்தில் இருந்தார்கள். மருந்து எடுத்துக் குடல் துளைத்து இறந்தவர்கள் அந்த மேடைக்கு வர முடியாது. எண்ணிக்கை என்பது மனிதரை மறக்கிற வேலை என்று நாங்கள் நினைக்கிறோம். வர முடியாதவர்களையும் சேர்த்து நினைவில் வைக்க எங்களிடம் இருக்கிற ஒரே வழி அதுதான்.

பட்டினி என்ற சொல்லே சரியா?

யோசனை சரியென்றால் மருந்து ஏன் இவ்வளவுதான் செய்தது? முதலாவது, கட்டிக்குத் தெரிந்த வழி ஒன்றல்ல. வி.ஈ.ஜி.எஃப். ஐ மறித்தால் வேறு செய்திகளை அனுப்பும். சில கட்டிகள் புது வாய்க்காலே வெட்டாமல் ஏற்கனவே இருக்கிற குழாய்களைச் சுற்றி வளரும். எலிக்கு ஆய்வுகூடத்தில் வைக்கிற கட்டி சில கிழமைகளில் வளர்ந்தது. மனிதருக்குள் அது வருடக்கணக்காக வளர்ந்து பல தந்திரம் படித்தது.

இரண்டாவது இன்னும் சுவாரசியமானது. இந்தியாவில் பிறந்து பொஸ்டனில் வேலை செய்யும் ராகேஷ் ஜெயின் 2001 இல் வேறொரு விளக்கம் சொன்னார். கட்டியின் குழாய்கள் அவசரத்தில் கட்டினவை, ஒழுகுகிறவை, கோணல்மாணலானவை. கரை உடைந்த வாய்க்காலில் விட்ட தண்ணி பாத்திக்குப் போகாமல் வழியிலேயே கசிகிற மாதிரி, கீமோ மருந்தும் உள்ளே சரியாகப் போய்ச் சேராது. வி.ஈ.ஜி.எஃப். ஐ அளவாக மறித்தால் அந்தக் குழாய்கள் கொஞ்சக் காலத்துக்குச் சீராகும், கீமோ உள்ளே போகும். அவாஸ்டின் பெரும்பாலும் தனியாக இல்லாமல் கீமோவோடு சேர்ந்தே பலன் தருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் மருந்து செய்தது பட்டினி போடுவதில்லை, வாய்க்காலைத் திருத்துவது!

எதிர்பாராத இடத்தில்தான் பெரிய வெற்றி வந்தது. வயது போகும்போது விழித்திரைக்குக் கீழே ஒழுகுகிற புதுக் குழாய்கள் வளர்ந்து பார்வை போகிற நோய் ஒன்று இருக்கு. சீனி வருத்தம் கண்ணுக்கு இறங்கினாலும் இதே வி.ஈ.ஜி.எஃப். தான் குழப்படி செய்கிறது. 2005 இல் மயாமியில் கண் டொக்டர்மார், அவாஸ்டினில் ஒரு துளியைக் கண்ணுக்குள் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். வேலை செய்தது. அதே கம்பனி கண்ணுக்கென்று தனியாகச் செய்த லூசென்டிஸ் ஒரு ஊசி 2,000 டொலரளவில்; பிரித்தெடுத்த அவாஸ்டின் துளி 50 டொலரளவில். 2011 இல் வந்த ஒப்பீட்டாய்வு இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் என்றது. 2013 இல் உலக சுகாதார ஸ்தாபனம் பெவசிசுமாப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது, கண்ணுக்காக. எங்கட வீட்டுப் பெரிய ஆட்கள் "கண்ணுக்குள்ள ஊசி போடப் போறன்" என்று கிளினிக் போகும்போது, அது பெரும்பாலும் இந்தக் குடும்பத்து மருந்துதான்.

மாமாவுக்கு எழுதினது

பெரியம்மாவின் கட்டி பரவுவதற்கு முன்னமே கண்டுபிடிபட்டு வெட்டியெடுக்கப்பட்டது. பிறகு கீமோ. அவாஸ்டின் கொடுக்கவில்லை. சின்னக் கட்டிகளைத் தலைதூக்க விடாமல் தடுப்பதுதானே ஃபோக்மனின் யோசனை, அப்ப இந்தக் கட்டத்தில்தானே அது நல்லா வேலை செய்ய வேணும் என்று நானும் நினைத்தேன். அதையும் ஆயிரக்கணக்கானவர்களில் செய்து பார்த்துவிட்டார்கள். பெருங்குடல் கட்டியை முழுதாக வெட்டின பிறகு, நோய் திரும்பாமலிருக்க அவாஸ்டின் சேர்த்துக் கொடுப்பதில் பிரயோசனம் இல்லை என்பதுதான் விடை. அழகான யோசனைதான், ஆனா விடை அது.

கடைசியாக மாமாவுக்கு இப்படி எழுதினேன்:

"மாமா, நீங்க அனுப்பினதில பாதி உண்மை. கட்டிக்குப் போற இரத்தக் குழாயை மறிக்கிற மருந்து இருக்கு. அது மாத்திரை இல்லை, ஊசி. சுறாவில இருந்து வாறதில்லை. சில கான்சருக்கு, சில கட்டத்தில, சில மாதம் கூட்டித் தரும். பெரியம்மாவுக்கு இப்ப அது தேவையில்லை எண்டு டொக்டர் சொல்லுறார். போத்தல் காசை அனுப்புங்கோ, கிளினிக் போய்வர வான் பிடிக்க உதவும்."

இரண்டு நீல அடையாளம் விழுந்தது. கனநேரம் பதில் இல்லை. இரவு பத்து மணிக்கு ஒரு வரி வந்தது: "வானுக்கு எவ்வளவு?"